கடலில் விட்ட ஹார்ட் டிஸ்க்

எண்ணூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் பழைய லேப்டாப்.

"இதுக்குப் புது டிஸ்க் போடணும், மாமு."

"பழசு இன்னா ஆச்சு?"

"தம்பி சாம்பலோட கடல்ல வுட்டேன்."

"இன்னாது?"

"மாலை போட அவனோட இந்த லேப்டாப்லேர்ந்து அவன் போட்டோ எடுக்கலாம்னு பார்த்தா விண்டோஸ் தொறக்கல. விண்டோஸ மறுபடி போடசொல்லோ டிஸ்க்கே இல்லன்னு காட்டுச்சு. அதுவும் செத்துச்சுன்னு நெனச்சேன்."

"கன்ட்ரோலர் டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அத மொதல்ல போட்டாதான் விண்டோஸுக்கு டிஸ்க் தெரியும். அவன் அதே டிஸ்க்ல விண்டோஸோட லினக்ஸும் வெச்சிருந்தானே, அது தொறந்துச்சா?"

"தொறந்துச்சு. பாஸ்வேர்டு கேட்டுச்சு. அவனுக்குத்தான் தெரியும்."

"டிஸ்க் செத்திருந்தா அது எப்படி தொறக்கும்?"

காலடிப்பேட்டை வந்தது. மாமு எழுந்தார். மற்றவர் எழவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து, டிஸ்க் இருந்த பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.