முன்பக்க இடது சக்கரம்

லாரிச் சக்கரத்துக்கு நட் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய நட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். மரை பொருந்தினால் போதும் என்று நினைப்பு. போதாது, சார். நட்டின் அடிப்பாகம் சக்கரத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். சில நட்டுகளுக்கு அடி கூம்பாக இருக்கும். சக்கரத்தின் துளையும் அதே சரிவில் குடைந்திருக்கும். சிலவற்றுக்கு அடி தட்டை, வாஷரோடு வரும். தட்டைச் சக்கரத்தில் கூம்பு நட்டைப் போட்டாலும் இறுகத்தான் செய்யும். ஸ்பானரில் ஏறி நின்றாலும் அசையாது. ஆனால் துளையின் விளிம்பை மட்டும்தான் அது பிடித்திருக்கும். ஓட ஓட இளகிவிடும். இருபத்தாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். நான் நட்டை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னது கிடையாது.

அதனால் உங்கள் அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள்.

தம்பி எனக்குப் பதினோரு வயது இளையவன். அவனும் அவன் பெண்டாட்டியும் பட்டறைக்கு மேலே மாடியில் என்னோடுதான் இருந்தார்கள். என் மனைவி போய்ச் சேர்ந்த வருஷம் அவர்களுக்குப் பெண் பிறந்தாள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. என் கைக் கிரீஸ் அவள் கவுனில் படாத நாள் இல்லை. தூக்கத்தில் விழித்தால் "பெரியப்பா" என்றுதான் கூப்பிடுவாள். பெற்றவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நியாயம்தான்.

துறைமுகத்தில் வேலை கிடைத்து, அந்த ஊருக்கே குடிபோவதென்று அவர்கள் முடிவு செய்தபோது நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி தன் லாரிக்குப் புதுச் சக்கரங்கள் வாங்கி வந்தான். ஆறும் தட்டை. ஐந்துக்குச் சரியான நட் போட்டேன். முன்பக்க இடது சக்கரத்துக்கு மட்டும் பழைய கூம்பு நட் பத்தையும் போட்டு, மேலே பிளாஸ்டிக் மூடிகளை மாட்டினேன்.

சக்கரம் மாற்றிய வண்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். மறக்காமலிருக்க, எந்த வண்டியானாலும் முன்கண்ணாடியில் சாக்பீஸால் எழுதி அனுப்புவேன். அவர்கள் கிளம்பிய அன்று இருந்த ஒரே சாக்பீஸில் குழந்தை பட்டறைத் தரையில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். பிடுங்க மனம் வரவில்லை.

தம்பியே கேட்டான். "வழியில நிறுத்தி ஒரு தடவை முறுக்கிக்கவாண்ணே?"

"வேண்டாம்டா. நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன். நேரா போ."

"ரெண்டே தடவையா? ஒன்பது தடவை பார்க்கிற ஆளாச்சே!" என்று சிரித்தவன், பெண்டாட்டியிடம், "நாம போற கவலையில அண்ணனுக்கு மரை கழண்டுடுச்சு" என்றான்.

சக்கரம் ஆடும், ஸ்டியரிங் கையில் நடுங்கும், பயந்து வண்டியைத் திருப்புவான். இந்த வண்டி தூர ஓட்டத்துக்கு ஆகாது, இங்கேயே இரு என்று சொல்லிவிடலாம். என் கணக்கு அவ்வளவுதான். அவன் பாட்டைச் சத்தமாக வைத்து ஓட்டுகிறவன் என்பது எனக்குத் தெரியும்.

குழந்தை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான்தான் இறக்கினேன். "வெயில் கொளுத்துது. நீங்க போய் வீட்டை ஒழுங்கு பண்ணுங்க. நாலு நாள்ல நானே கூட்டிட்டு வந்து விடறேன்" என்றேன். தம்பி பெண்டாட்டி யோசித்தாள். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு சின்னத் தலையணையை நீட்டினாள்.

"இது இல்லாம தூங்கமாட்டா மாமா. பார்த்துக்குங்க."

ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கழன்றது. பிறகு நடந்தது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பத்தொன்பது நாள் நான் நன்றாகத்தான் இருந்தேன். அவளுக்குத் தலை வாரினேன், ஊட்டினேன், தூங்க வைத்தேன். நேற்றுக் காலை என் ஸ்பானர் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "அப்பா வண்டி ரிப்பேர்னு சொன்னீங்களே பெரியப்பா. நீங்கதானே நல்லாச் சரி பண்ணுவீங்க? போய்ப் பண்ணுங்க" என்றாள். அவளுக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் தன் தலையணையை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரிடம் விடப்போகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு என்னை உள்ளே கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அவர்களைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் சத்தியமாக நம்பினேன். மேஜையைத் துடைத்து, தண்ணீர் நிரப்பி, எல்லாம் தயாராக வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் குழந்தைக்குமாக இரண்டு தட்டு.