சத்து மாத்திரைக்கு மத்தியானம்

சாத்தூரிலிருந்து போகும் பட்டாசு கம்பெனி வேனில், எனக்கு முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி. அவள் விரலில் கட்டு.

"வெடியுப்பையும் கந்தகத்தையும் தனித்தனி ரூம்புல வைக்கிறவுக, எனக்கு ரெண்டு மாத்திரையையும் ஒண்ணா மடிச்சுத் தந்திருக்கீகளே! இரும்புச்சத்து மாத்திரையோட சேத்து முழுங்குனா, புண்ணு மாத்திரை உடம்புல சேராதாம். நர்சம்மா சொல்லுச்சு."

"அதான் இம்புட்டு நாளா ஆறலையா?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"புண்ணு மாத்திரை காலையிலயும் ராத்திரியும். சத்து மாத்திரை மத்தியானம் மட்டும்."

அவன் சத்து மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "மத்தியானம் நானே கொண்டாந்து தாரேன்."

"பொம்பளைக ஷெட்டுக்கா? எல்லாரும் சிரிப்பாளுக."

"சிரிக்கட்டும்."

அவள் தன் தூக்குவாளியை அவன் மடியில் வைத்தாள்.

"அப்ப சோத்தையும் நீங்களே கொண்டாங்க."