துரைசாணியின் ஒட்டுப் புஸ்தகம்

தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது மரியகுழந்தைக்கு. விடிந்ததிலிருந்து துரை பங்களாவில் பங்கா இழுக்கிறான், கூரையில் தொங்கும் துணி விசிறியைக் கயிற்றால் ஆட்டுகிற வேலை. இப்போது சாயங்காலம் ஆறு மணி. பங்களாவிலிருந்து கூலி லயனுக்கு இறங்குகிற கப்பிப் பாதையில் ஒரு ஜீவன் இல்லை...

நம்ம லயன் பியாட்ரிஸ் இருக்கிறாளே, அவள் பாட்டனாருக்கு அண்ணன்தான் இந்த மரியகுழந்தை. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கம், கரண்டு வராத காலம்.

பங்களாவில் அவனுக்குப் பெயர் ஏனோக். கணக்குப்படி மரியகுழந்தை செத்து எட்டு மாதம்.

சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் பில்லை தொங்கினால் ஆள் கீழே. ஒருநாள் மரியகுழந்தைக்குக் கடுங்காய்ச்சல். அன்றும் போகாவிட்டால் வேலை போய்விடும். வேலூர்ப் பக்கத்திலிருந்து தனியாளாகப் பிழைக்க வந்த ஏனோக்தான் பில்லையை வாங்கிக்கொண்டான். "படுத்துக்கடா. உன் ஷிப்டு நான் பாக்கறேன். அப்பால என்னுது ஒண்ணு நீ பாத்துக் குடு."

அன்றைக்குப் பாறை சரிந்தது. ஏனோக்கின் உடம்பு கிடைக்கவில்லை. அந்த வழியையே சுவர் வைத்து அடைத்தார்கள். பலகையில் தொங்கியது மரியகுழந்தையின் பில்லை. ஆள் மாறி இறங்கியது தெரிந்தால் ஜெயில். அதனால் அவன் செத்தவனாகவே இருந்துவிட்டான். பெண்சாதி ஜெயசீலி விதவை வேஷத்தோடு பங்களாவில் ஆயாவானாள். அவன் ஏனோக் என்று சொல்லிக்கொண்டு பங்காக் கயிற்றைப் பிடித்தான். ஆள் பார்க்கும்போது இரண்டு பேரும் அன்னியர்கள்.

துரைசாணிக்கு ஒரே குழந்தை, அது தவறிப்போயிருந்தது. அன்றிலிருந்து ஆவிப் பித்து. தடியாக ஒரு ஒட்டுப் புஸ்தகம் வைத்திருந்தாள். சீமையில் மேஜை தட்டிய ஆவிகளைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகள், மெட்ராஸில் ஆவிக் கூட்டம் நடத்துகிறவர்களின் கடிதங்கள், குழந்தையின் முடி... எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். பசை காய்ச்சிக் கொடுப்பவள் ஜெயசீலி. இன்று காலை சுரங்கத்துத் துரை, யாரும் வாங்காமல் கிடந்த மரியகுழந்தையின் பில்லையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் ஒட்டினாள். இன்றைக்கே அவன் ஆவியைக் கூப்பிடலாம், விதவையும் மேஜையருகே உட்காரட்டும் என்றாள்.

ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு அவனிடம் வந்தாள். "இன்னாய்யா செத்தவனே, கூப்ட்டா வருவியா?"

"வாய மூடு. மாட்னா ரெண்டு பேரும் ஜெயிலு."

"மேஜைக்கு அடில முட்டியால ரெண்டு தட்டு தட்டறேன். பாவம், துரைசாணி சந்தோசப்படட்டும்."

அவன் உட்காருகிற இடம் சுவருக்குப் பின்னால் ஒரு இடுக்கு. ஆள் குறுக்கே வரக்கூடாதென்று துரை அதன் கதவை வெளியே பூட்டினார். மெழுகுவத்தி அணையாமல் இருக்க பங்காவையும் நிறுத்தச் சொன்னார்கள். கயிறு போகிற ஓட்டையில் கண் வைத்துப் பார்த்தான்.

"மரியகுழந்தே... நீ இருக்கியா?" துரைசாணியின் கொச்சைத் தமிழ்.

இருக்கிறான். நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறான்.

டொக். டொக். டொக்.

கள்ளி, தட்டிவிட்டாள் என்று நினைத்தான். ஆனால் ஜெயசீலி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். இரண்டு முழங்காலும் வெளிச்சத்தில் தெரிந்தன... அசையவில்லை. 

அப்போது அவன் பிடியிலிருந்த கயிறு இழுபட்டது. மூன்று தரம். சும்மா இருந்தது. மறுபடி மூன்று தரம்.

சுரங்கத்துக்குள்ளிருந்து இப்படித்தான் மணிக் கயிற்றை இழுப்பார்கள். ஆள் ஏறுகிறான், தூக்கு என்று அர்த்தம். மேலே இருப்பவன் மூன்று தரம் திருப்பி இழுத்தால்தான் கூண்டு நகரும்.

பங்கா ஆடவில்லை. கயிறு ஓட்டைக்குள் நுழைந்து, அங்கிருந்து நேராகக் கீழே இறங்கியிருந்தது. தரையைத் தாண்டி. கையெல்லாம் ஈரம்... வெடிமருந்துப் புகை நாற்றம்.

திருப்பி இழுத்தால் கீழே இருக்கிற ஏனோக் ஏறி வருவான். வந்தால்? அவன் இடத்தில் இறங்குவது யார்? மரியகுழந்தை கையை அசைக்கவில்லை.

"உனக்கு இன்னா வேணும்?" என்றாள் துரைசாணி.

ஜெயசீலியின் வாய் திறந்தது. வந்தது ஆண் குரல், வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. கோபமே இல்லை. களைப்புதான்.

"மாத்து ஆளு வர்லியே... எம்மா நேரம் நிக்கறது?"

மரியகுழந்தை கதவைத் தள்ளினான். பூட்டு.

ஜெயசீலிக்கு ஒன்றும் நினைவில்லை. துரைசாணி அழுதுகொண்டே பில்லைக்குப் பக்கத்தில், மரியகுழந்தை வந்தான் என்று எழுதினாள். ஆயாவும் பங்காக்காரனும் இல்லாவிட்டால் ஆவி வருவதில்லை என்று பிறகு கண்டுகொண்டாள். இருவரையும் வெளியே விடவில்லை. ஓடிப்போயிருக்கலாமே என்பீர்கள். எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுவது? ஒரு பெயர் செத்துவிட்டது. இன்னொரு பெயருக்கு உரியவன் கீழே நின்றுகொண்டிருக்கிறான்.

தினம் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள். கயிறு மூன்று தரம் இழுபடும். ஒருநாளும் அவன் திருப்பி இழுக்கவில்லை. கரண்டு வந்தது, துரைசாணி சீமைக்குப் போனாள், மரியகுழந்தை கிழவனாகிப் பாயில் படுத்துச் செத்தான்.

ஏனோக்குக்கு அவன் தரவேண்டியது ஒரு ஷிப்டு. இன்னும் தரவில்லை.