பட்டியலில் ‘புதியவர்’

மிசஸ் பிக்கெட்: …நான் ஒண்ணும் கேட்கலை எஃபி. துவைக்கிற அறைச் சாவி யாருகிட்ட இருக்குன்னு பார்க்கத்தான் வந்தேன்.

எஃபி: உங்க முறை செவ்வாய்க்கிழமை. இன்னிக்கு வியாழன்.

மிசஸ் பிக்கெட்: அப்படியா? ஞாபகமே நிக்கிறதில்லை… பதினோரு ஜெர்சியும் உன் தலையிலதானா? நீ கட்டிக்கிட்டது டூகலையா, ஃபுட்பால் கிளப்பையா?

எஃபி: பன்னிரண்டு வருஷமா நானும் அதைத்தான் யோசிக்கிறேன். சும்மா நிக்காம அந்த வெந்நீர்க் கொப்பரை மூடியைத் தூக்குங்க.

மிசஸ் பிக்கெட்: சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் பட்டியலை முடிவெட்டுறவர் கடைக் கண்ணாடியில ஒட்டிட்டாங்களாம். உன் வீட்டுக்காரர் பார்த்தாச்சா?

எஃபி: அங்கதான் போயிருக்கார்.

மிசஸ் பிக்கெட்: பாவம்.

எஃபி: எதுக்குப் பாவம்?

மிசஸ் பிக்கெட்: இல்ல… அந்த முட்டி…

எஃபி: முட்டியைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?

மிசஸ் பிக்கெட்: யார் சொல்லணும்? தினம் விடியக்காலம் படிக்கட்டுக் கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மூணு மாடியும் பின்பக்கமாவே இறங்குறாரே. எனக்கு அவர் முகமே மறந்துபோச்சு. முதுகு மட்டும் நல்லாத் தெரியும்.

எஃபி: சாவித் துவாரத்துலயே குடியிருக்கீங்களா?

மிசஸ் பிக்கெட்: அதுல காத்து வருது. அடைக்கலாம்னு போனேன்.

எஃபி: இன்னொரு அடி பட்டா கால் அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார். மனுஷன் கேட்டாத்தானே! லார்ன்டன்காரங்க வர்றாங்களாம், ஆடியே தீரணுமாம்.

மிசஸ் பிக்கெட்: லார்ன்டனா! அவங்ககூட ஆடும்போதுதானே பந்தை நம்ம கோலுக்குள்ளயே தலையால முட்டித் தள்ளினார்?

எஃபி: ஆறு வருஷம் ஆச்சு. மழையில ஊறின தோல்பந்து, எங்கே போகுதுன்னு அவருக்கென்ன தெரியும்? முந்நூறு ஆட்டத்துல எத்தனை பேரை மறிச்சு நிறுத்தியிருப்பார், ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஸ்காட்லாந்து டீமுக்கே கூப்பிட்டாங்க. ரயிலேறிப் போய், கோட்டைக் கழட்டாம ஓரமா உட்கார்ந்துட்டு வந்தார், அதுவும் ஞாபகமில்லை. அந்த ஒண்ணு மட்டும்…

மிசஸ் பிக்கெட்: அவர் சேத்துல எப்படி விழுந்தாருங்கிறது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

எஃபி: இருக்கும், இருக்கும்.

டூகல்: எஃபி! எஃபி! யாரோ காட்டிக் குடுத்துட்டாங்க!

எஃபி: கத்தாதீங்க. சோப்புத் தண்ணி, வழுக்கும்.

டூகல்: என் பேரே இல்லை! என் இடத்துல ‘புதியவர்’னு போட்டிருக்கு!

மிசஸ் பிக்கெட்: அது… யாரா இருக்கும்?

டூகல்: ஒருத்தனைச் சோதிச்சுப் பார்க்க இறக்கினா சொந்தப் பேரைப் போட மாட்டாங்க மிசஸ் பிக்கெட். சொதப்பினாலும் அவன் பேரு கெடாது பாருங்க. நானும் அப்படி வந்தவன்தான். அன்னைக்கு இடம் போன ஆளு மூணு மாசம் என்கூடப் பேசலை. நான் பேசாமல்லாம் இருக்க மாட்டேன். எவன்னு மட்டும் தெரியட்டும், அவன் கெண்டைக்காலை ரெண்டா…

மிசஸ் பிக்கெட்: ஐயோ!

டூகல்: உங்களுக்கென்ன ஐயோ?

மிசஸ் பிக்கெட்: கொப்பரை… சுட்டுடுச்சு.

டூகல்: உங்க பையன் ஆர்ச்சி எங்கே? அவனுக்குக் கிளப்புல நாலு பேரைத் தெரியும். விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்க.

மிசஸ் பிக்கெட்: அவனுக்கு… ஜலதோஷம்.

டூகல்: காலையில ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறினானே!

மிசஸ் பிக்கெட்: அதுக்கப்புறம்தான் பிடிச்சுது.

டூகல்: ‘பின்பக்கமாப் படி இறங்குற ஆளை எப்படிய்யா மைதானத்துல இறக்குறது’ன்னு கிளப் செக்ரட்டரி மூஞ்சிக்கு நேரா கேக்குறார் எஃபி! அவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கட்டடத்துலதான் யாரோ…

எஃபி: மிசஸ் பிக்கெட்டைப் பார்க்காதீங்க.

டூகல்: நான் எங்கே பார்த்தேன்?

மிசஸ் பிக்கெட்: பார்த்தீங்க! பைபிள் மேல சத்தியம், எங்க வீட்டுல யாரும் வாயே திறக்கலை.

டூகல்: செக்ரட்டரி வீட்டுக்கே போறேன். சொன்னது யாருன்னு கேட்காம திரும்ப மாட்டேன்.

எஃபி: போங்க. வாசல்ல மூணு படி இருக்கு. திரும்பி நின்னு இறங்குங்க.

டூகல்: நீ சும்மா இரு!

மிசஸ் பிக்கெட்: …போயிட்டாரா?

எஃபி: ரெண்டாவது படியில இருக்கார்… ம், போயிட்டார்.

மிசஸ் பிக்கெட்: எஃபி… செக்ரட்டரி அந்தப் பேரைச் சொல்லிடுவாரோ?

எஃபி: மாட்டார்.

மிசஸ் பிக்கெட்: நீ எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?

எஃபி: ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்லயே, யார் பேரையும் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுத்தானே முட்டி விஷயத்தைச் சொன்னேன்… கையை நீட்டுங்க, இந்த ஜெர்சியை உங்க மேல வெச்சுப் பார்க்கிறேன். ஆர்ச்சிக்கு உங்க தோள்தானே? டூகல் அளவு அவனுக்குத் தொளதொளன்னு தொங்கும், சனிக்கிழமைக்குள்ள ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கணும்.