சலூன் நாற்காலி வைத்த கார்

பிறர் வீட்டுப் பேச்சை எழுதலாமா என்று நாலு வருடம் தயங்கினேன், ஈசன் பொறுக்கட்டும். பாகூர் பேருந்தில் என் முன்சீட்டில் ஒருவர் தம் மச்சானிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"பழைய அம்பாசடர்ல சலூன் நாற்காலிய வெச்சிட்டேன் மச்சான்."

"இன்னா மாமா, காருலயே முடி வெட்டப் போறியா?"

"உங்கக்காவுக்குடா! நடக்க முடியாதவ எப்படி ஏறுவா? வெளிப்பக்கம் திருப்பி உக்கார வெச்சி, உள்ள திருப்பிட்டா முடிஞ்சிது. வில்லியனூர் தேரு பாத்து மூணு வருசம் ஆச்சி அவளுக்கு."

"அக்கா இன்னா சொல்லிச்சி?"

"நேத்து பூ வெச்சிக்கினு ஏறி உக்காந்தவ, எறங்கவே மாட்டேன்னுட்டா."

"அப்ப வண்டி ஓடுதா?"

"இஞ்சின் இன்னும் மாட்டல."

மச்சான் சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம நானும் வரேன் மாமா, தேரு வர்றதுக்குள்ள இஞ்சின மாட்டிடலாம்" என்றார்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், கார் ஓடியதாகச் சேர்த்துவிடாதீர்கள். இஞ்சின் இல்லாத காரில்தான் அந்த அம்மாள் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.