மூன்று நாற்காலிகளுக்குத் துண்டு

லோனி: அதுல கை வைக்காதீங்க மேடம். ஆள் இருக்கு.

வெர்னா: எங்க இருக்கு?

லோனி: வந்துட்டிருக்கு.

வெர்னா: காலைல ஏழு மணிக்கு காபி எடுத்துட்டு இந்த வழியாத்தான் போனேன். அப்பவும் மூணு நாற்காலி, மூணு துண்டு, நீங்க ஒருத்தர். இப்ப மணி ரெண்டு.

லோனி: நாப்பது நிமிஷம் யாரும் இல்லேன்னாத்தான் கப்பல் ஆளுங்க துண்ட எடுத்துட்டுப் போவாங்க. நான்தான் இருக்கேனே.

வெர்னா: ஒரு ஆளு மூணு நாற்காலியப் பாத்துக்கிறீங்க.

லோனி: எனக்கு ஒண்ணு. பிள்ளைங்களுக்கு ரெண்டு. டெஸ்ஸாவுக்கு ஒன்பது வயசு, ஜூடுக்கு ஆறு.

வெர்னா: டெஸ்ஸாவா?

லோனி: ஆமா. ஏன்?

வெர்னா: ஒண்ணுமில்ல. நல்ல பேரு... இந்த ரப்பர் வாத்து?

லோனி: அவளோடதுதான். துண்டு பறக்காம இருக்க வச்சிருக்கேன். அதையும் தொடாதீங்க.

வெர்னா: தொடல தம்பி, பாத்தேன். பாக்கறதுக்குத் தனியா காசு வாங்குவாங்களா, மத்த எல்லாத்துக்கும் வாங்கற மாதிரி?

லோனி: சரி, உக்காருங்க. ஜூட் நாற்காலில உக்காருங்க. வாத்து இருக்கிறது வேண்டாம்.

வெர்னா: உங்க பிள்ளைங்க வந்தா எழுந்துடுறேன்.

லோனி: ம்.

வெர்னா: என் பேரு வெர்னா. மேடம் வேண்டாம், பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி இருக்கு.

லோனி: நான் லோனி.

வெர்னா: கப்பல் மேல இந்த நீச்சல் குளத்தப் பாருங்க லோனி. நானூறு பேர். சூப்புல காய்கறி மிதக்கிற மாதிரி.

லோனி: பிள்ளைங்களுக்கு அது போதும்.

வெர்னா: மலிவு மலிவுன்னு சொல்லி ஏத்திடுறாங்க. ஏறினப்புறம் கோக்குக்குத் தனி, வைஃபைக்குத் தனி, அவங்களே வந்து எடுக்கிற போட்டோவுக்குத் தனி.

லோனி: பீட்சாவுக்குக் கிடையாது.

வெர்னா: அட்டைல தக்காளியத் தடவி வைக்கிறாங்க. அதுக்கும் அரை மணி நேர வரிசை.

லோனி: எப்பப் போனாலும் இருக்குல்ல. பாருங்க, நான் டயர் கடைல வேலை பாக்கிறேன். என் சம்பளத்துக்குப் பிள்ளைங்கள வேற எங்க கூட்டிட்டுப் போறது? நாலு ராத்திரி, மூணு வேளை சாப்பாடு, நடுவுல மெக்சிகோ. சமைக்க வேண்டாம், கார் ஓட்ட வேண்டாம். பின்சீட்ல அடிச்சுக்க மாட்டாங்க. அவங்க பாட்டுக்குத் தண்ணிச் சறுக்குல ஏறுவாங்க, இறங்குவாங்க, ஐஸ்கிரீம் மெஷின்ல தானே புடிச்சுக்குவாங்க...

வெர்னா: விளம்பரத்துல வர்ற மாதிரியே பேசறீங்க.

லோனி: விளம்பரத்தப் பாத்துதான வந்தேன்.

வெர்னா: அந்தச் சறுக்கு ரெண்டு நாளாக் காத்து அதிகம்னு மூடிக் கிடக்கு.

லோனி: ...ஆமா. முதல் நாள் ஏறினாங்க.

வெர்னா: முதல் நாள் அது திறக்கவே இல்ல தம்பி.

லோனி: உங்க கூட்டம் அந்த ஆரஞ்சு பனியன்காரங்கதான?

வெர்னா: பேச்ச மாத்தறீங்க. ஆமா. பதினாலு பேர். லேக் சார்ல்ஸ்லேர்ந்து மூணு வண்டில வந்தோம். குளத்துப் பக்கம் பாருங்க, தண்ணில வயிறு அடிக்க விழற போட்டிக்கு நிக்கிறாங்கல்ல. ரெண்டாவது ஆள் என் அண்ணன்.

லோனி: பெரிய உடம்பு.

வெர்னா: பெரிய மனசும்பாங்க, எல்லாம் வயித்துல இருக்கு. அவரக் கேட்டா இந்தக் கப்பலுக்குப் பத்துக்குப் பத்து. அண்ணி பத்துக்குப் பதினொண்ணு. நாலு நாளா அடுப்பு முகத்துல முழிக்கலியாம். என் தங்கச்சி பூஜ்யம்.

லோனி: அவங்களுக்கு என்ன?

வெர்னா: அறை சுத்தம் பண்றவங்க துண்ட மடிச்சு குரங்கு மாதிரி படுக்கைக்கு மேல தொங்க விட்டிருந்தாங்க. இருட்டுல அதோட கை மூஞ்சில பட்டிருக்கு. அன்னிலேர்ந்து லைட்ட அணைக்க விட மாட்டேங்கிறா.

லோனி: நீங்க எத்தனை குடுப்பீங்க?

வெர்னா: நானா... என்னக் கேக்காதீங்க. என் அறைல ஜன்னல் கிடையாது. லைட்ட அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியல. அலமாரிக்குள்ள படுத்திருக்கிற மாதிரி. அதுவும் நாள் பூரா அங்கயே...

லோனி: நாள் பூரா ஏன் அறைல இருக்கீங்க?

வெர்னா: இருந்தா அப்படி இருக்கும்னு சொல்றேன்.

லோனி: உங்களுக்குப் பிள்ளைங்க?

வெர்னா: ஒரே பையன். வேட். ஏழு வயசு.

லோனி: அவனும் குளத்துலயா?

வெர்னா: இல்ல, பிள்ளைங்கள விளையாட விடற கிளப் இருக்கே, அங்க. உங்களோடது?

லோனி: அவங்களும் அங்கதான்.

வெர்னா: அப்ப சிநேகமாயிருப்பாங்க.

லோனி: ஆயிருப்பாங்க.

வெர்னா: அந்தப் போன ஏன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ தடவுறீங்க? யாராவது வரணுமா?

லோனி: வாத்து.

வெர்னா: என்ன?

லோனி: கப்பல்ல எல்லாரும் விளையாடுறாங்களே, அதான். ரப்பர் வாத்த அங்கங்க ஒளிச்சு வைக்கிறது. எடுத்தவங்க படம் புடிச்சு நெட்ல அதுக்குன்னு இருக்கிற குழுப் பக்கத்துல போடுவாங்க. வேற ஊர்க்காரங்க, முன்னப் பின்ன தெரியாதவங்க. பிள்ளைங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம்.

வெர்னா: ...தெரியும். பாத்திருக்கேன்.

லோனி: டெஸ்ஸா பன்னெண்டு செஞ்சா. ரெண்டு மாசமா. கடைல வாங்கின வாத்துதான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் அவளே பெயின்ட் அடிச்சா. ஒண்ணுக்குத் தொப்பி, ஒண்ணுக்கு மீசை, ஒண்ணுக்குக் கண்ணாடி. கழுத்துல சீட்டு கட்டி, பேரு, ஊரு, 'என்னைக் கண்டுபிடிச்சதுக்கு நன்றி'ன்னு எழுதியிருந்தா. இத மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். மிச்சம் பதினொண்ணையும் முதல் நாள் சாயங்காலமே ஒளிச்சாச்சு. அப்படி ஒண்ணும் கஷ்டமான இடத்துல இல்ல. படிக்கட்டு, பூத்தொட்டி, புத்தக அலமாரி... இன்னிக்கு நாலாம் நாள். நாளைக்குக் காலைல கால்வெஸ்டன் துறைமுகத்துல இறக்கி விட்டுருவாங்க. ஒரு படம்கூட வரல.

வெர்னா: எடுத்தவங்க வைஃபை வாங்காம இருந்திருப்பாங்க.

லோனி: பதினொரு பேருமா?

வெர்னா: கூட்டிப் பெருக்கறவங்க எடுத்திருப்பாங்க.

லோனி: கேட்டுட்டேன். அவங்க தொடறதில்லயாம். ஒளிச்ச இடமெல்லாம் காலியா இருக்கு. பொறுக்கித் தின்ன மாதிரி. அப்படி எடுக்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம் தோணாதா, சீட்டுல ஒரு குழந்தை பேர் இருக்கே, அது காத்துட்டிருக்குமேன்னு?

வெர்னா: எடுத்தவங்களுக்கு என்ன கஷ்டமோ.

லோனி: வாத்து எடுக்கறதுல என்னங்க கஷ்டம்?

வெர்னா: ...வெயில் ஏறுது. உங்க நெத்தி சிவந்து போச்சு.

லோனி: எனக்கு வாத்து போனது பெரிசில்ல. டெஸ்ஸா என்ன நெனச்சுட்டா தெரியுமா? நான் ஒளிக்கவே இல்லேன்னு. பைலயே போட்டு மறந்துட்டேன்னு. நேத்து எழுதறா, 'மறந்திருந்தா பரவாயில்லப்பா'ன்னு. பரவாயில்லயாம். ஒன்பது வயசுல என்ன மன்னிக்கிறா.

வெர்னா: எழுதினாளா?

லோனி: ம்.

வெர்னா: ஒரே கப்பல்ல இருக்கிற பிள்ளை எதுக்கு எழுதணும்?

லோனி: ...கிளப்லேர்ந்து.

வெர்னா: கூடவே வந்து ஒளிச்சிருப்பாளே. அப்புறம் மறந்தீங்களான்னு ஏன் கேக்கறா? அதோட, கிளப் மத்தியானம் மூடிருவாங்க. மூணு மணிக்குத்தான் திறப்பாங்க.

லோனி: உங்க வேட் கிளப்லதான் இருக்கான்னு சொன்னீங்க.

வெர்னா: சொன்னேன்.

லோனி: உங்க அண்ணன் விழுந்துட்டார்.

வெர்னா: கேட்டுச்சு. குளத்துல பாதி வெளிய வந்திருச்சு. தம்பி, உங்க பிள்ளைங்க எங்க?

லோனி: எங்க ஊர்ல, போமான்ட்ல. அவங்க அம்மாகிட்ட.

வெர்னா: வரவே இல்லியா?

லோனி: துறைமுகம் வரைக்கும் வந்தாங்க. நானும் அவளும் பிரிஞ்சு மூணு வருஷம். அவதான் கொண்டாந்து விட்டா. பாஸ்போர்ட் வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் போதும்னு போட்டிருந்துச்சு. மூணு தடவ சொன்னா. 'அரசாங்க முத்திரை இருக்கிறத எடுத்துக்க லோனி.' நான், 'எல்லாம் எடுத்துட்டேன், எல்லாம் எடுத்துட்டேன்'னு...

வெர்னா: எத எடுத்துட்டு வந்தீங்க?

லோனி: பிள்ளைங்க பிறந்தப்ப குடுத்தத சுவத்துல மாட்டியிருந்தேன், அத. பேரு, தேதி, எடை, டாக்டர் கையெழுத்து, தங்கக் கலர்ல பார்டர். கீழ ரெண்டு குட்டிப் பாதம், மைல பதிஞ்சது. அவ்வளவு அழகா இருக்கிறதுதான் நிஜம்னு நெனச்சேன். கண்ணாடியக் கழட்டி, சட்டத்துலேர்ந்து கிழியாம எடுத்து, ரெண்டையும் அட்டைல வச்சுக் கொண்டாந்தேன்.

வெர்னா: ஐயோ... ஆஸ்பத்திரில நினைவுக்குக் குடுக்கறது.

லோனி: அந்தப் பொண்ணும் அதேதான் சொன்னா, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவ. நல்ல பொண்ணு. 'சார், இது ரொம்ப அழகா இருக்கு, ஆனா இது செல்லாது.' பின்னாடி வரிசைல அத்தனை பேர். ஜூட் நீச்சல் கண்ணாடிய மாட்டிட்டே நிக்கிறான். வீட்டுக்குப் போய் அசலத் தேடி எடுத்துட்டு வர நேரமில்ல.

வெர்னா: அவங்கம்மா திட்டினாங்களா?

லோனி: ஒரு வார்த்த பேசல. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

வெர்னா: நீங்க மட்டும் ஏறிட்டீங்க.

லோனி: ஏறியிருக்கக் கூடாது. தெரியும். டெஸ்ஸாதான் வாத்துப் பைய என் கைல குடுத்தா. 'நீயாவது போப்பா, இத யாரு ஒளிப்பா?' என்னால அவங்க முகத்தப் பாக்க முடியல. ஏறிட்டேன். நாலு நாளா மூணு பேருக்குத் துண்டு விரிக்கிறேன். மெக்சிகோல இறங்கவே இல்ல. மூணு கோன் ஐஸ்கிரீம் புடிச்சு, ரெண்டு உருகி, குப்பைல போட்டேன். நீங்க பத்துக்கு எத்தனைன்னு கேட்டா...

வெர்னா: நான் கேக்கல. இந்தப் பயணத்துக்கு டிக்கெட் போட்டதே நான்தான், லோனி. பதினாலு பேரயும் நச்சரிச்சு. வேடுக்குக் கடல்னா உயிர். அவனுக்காகத்தான்.

லோனி: அவன் எங்க?

வெர்னா: அறைல. முதல் நாள் எல்லாரயும் நிக்க வச்சு ஒத்திகை பாத்தாங்கல்ல, ஆபத்து வந்தா எப்படிப் போகணும்னு. அப்ப அந்தச் சங்கு ஊதினாங்க பாருங்க, ஏழு தடவ குட்டியா, ஒண்ணு நீளமா. வேட் காதப் பொத்திக்கிட்டான். ஒத்திகைடா, நிஜமில்லடான்னேன். அப்ப நிஜமா ஒண்ணு இருக்குல்லன்னான். உள்ள போய்ப் படுத்தவன்தான். கதவத் தாண்ட மாட்டேங்கிறான். நானும் அவனும் மாத்தி மாத்தி அந்த இருட்ட...

லோனி: உங்க ஆளுங்களுக்குத் தெரியாதா?

வெர்னா: கிளப்ல குஷியா இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அதக் கெடுக்கணுமா?

லோனி: நாள் பூரா என்ன பண்றான்?

வெர்னா: எண்ணுவான்.

லோனி: எத?

வெர்னா: ...கைல கிடைக்கிறத. போன எடுத்துட்டீங்க. படம் வந்திருக்கா?

லோனி: இல்ல. டெஸ்ஸாவுக்கு எழுதிடப் போறேன். காலைலேர்ந்து யோசிச்சுட்டிருந்தேன்.

வெர்னா: என்னன்னு?

லோனி: மறந்துட்டேன்னு. பைலயே இருந்துச்சு, வீட்டுக்குக் கொண்டாறேன், அடுத்த தடவ ஒளிப்போம்னு.

வெர்னா: ஆனா நீங்கதான் ஒளிச்சீங்களே.

லோனி: உண்மையச் சொன்னா என்ன ஆகும்? அவ வாத்து யாருக்கும் வேண்டாம்னு ஆகும். ரெண்டு மாச வேலை. அதுக்கு அப்பா மறந்துட்டான்ங்கிறது தேவல. அது அவளுக்குப் பழக்கம்.

வெர்னா: லோனி.

லோனி: முத்திரையவே மறந்தவன். இதுவும் சேர்ந்துட்டுப் போகட்டும். 'அப்பா மறந்துட்டேன் கண்ணு...'

வெர்னா: அத அனுப்பாதீங்க.

லோனி: விடுங்க வெர்னா.

வெர்னா: அனுப்பாதீங்கன்னா. அந்த வாத்தத் திருப்பி அடியில பாருங்க. ஏழுன்னு போட்டிருக்கா?

லோனி: ...ஏழுதான். டெஸ்ஸா நம்பர் போட்டிருந்தா. அத நான் உங்ககிட்ட சொல்லவே இல்லியே.

வெர்னா: நான் நாற்காலிக்கு வரல தம்பி. மிச்சம் பதினொண்ணயும் நான்தான் தேடி எடுத்தேன், என் அறைல, கதவோரமா வரிசையா நிக்குது. தண்ணி உள்ள வந்தா வாத்துதான் முதல்ல மிதக்குமாம், அதப் பாத்துட்டுத்தான் வேட் கண்ண மூடறான். பேரு இருந்தா திருப்பிக் குடுக்கணும்பான்னு சீட்ட எல்லாம் நான்தான் பிச்சுப் போட்டேன். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒரு இடம் விட்டு வச்சிருக்கான், ஏழு வந்துட்டா வெளிய வர்றேன்னு சொல்லியிருக்கான். அந்த ஏழ எடுத்துட்டு வாங்க. போனையும் எடுத்துக்கங்க, நீங்களே படம் புடிச்சு அவளுக்கு அனுப்புங்க.