ஓடை வழியே வந்த கடல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலைத் தொழிலாளர் தலைவர் ஐயாதுரை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோரே! காயம் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மாரே! இராஜபாளையத்துப் பெருமக்களே! வணக்கம்.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? கடலே இல்லாத ஊரில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்றா? சொல்கிறேன். இதோ மேடையில் அமர்ந்திருக்கும் ஜெயபாய், நம்மூர்த் தறிக்காரர் மகள், பொறியாளர். புயல் அடித்தால் கடல் எந்த வழியில், எத்தனை அடி ஏறும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்கிடுபவர்.

சிப்பியூர் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குத் தம் வரைபடத்தோடு போனார். புயல் வந்தால் ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையின் பாலத்தைத் தாண்டி மேற்கு ரோட்டில் தப்பலாம் என்றது படம். காலங்காலமாக அவர்கள் போகும் வழியும் அதுதான். ஆனால் கருவாடு விற்கும் கருத்தம்மாள் எழுந்தார்.

"தாயி, ஓடை இப்ப இப்படி இல்ல. உப்பளத்துக்குக் கரை போட்டுட்டாவ. கடல் உள்ள ஏறுனா தண்ணி பரவ எடம் ஏது? ரோட்டுலதான் ஏறும்."

கற்றவர் கோபித்தாரா? முகம் சுளித்தாரா? "வாங்கக்கா, காட்டுங்க" என்று முழங்கால் சேற்றில் இறங்கி அளந்தார்! மறுபடி கணக்கிட்டார். ரோடுதான் முதலில் மூழ்கும். காற்று வலுக்குமுன் செம்மணல் மேடாகிய தேரியில் ஏறவேண்டும் என்றது புதிய படம்.

ஊர்த் தலைவர் தனுஷ்கோடி சிரித்தார். "எங்க கடல எங்களுக்கே பெட்டிக்குள்ள காட்டுதியளோ?"

ஐப்பசியில் வந்தது புயல். வானொலி எச்சரித்த காலையிலேயே கருத்தம்மாள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். "ஏட்டி, சட்டி பானைய விடு, பிள்ளையத் தூக்கு!" தனுஷ்கோடி மட்டும் குடும்பத்தை மாட்டுவண்டியில் ஏற்றி ரோட்டுக்குப் போனார். ஓடைப் பாலத்தில் நீர் விளிம்பு தொட்டு நின்றது. கண்டார், கலங்கினார், வண்டியைத் தேரிக்குத் திருப்பினார்.

நண்பகலில், தேரியில் நின்ற நானூறு பேரும் பார்த்தார்கள். கடல் அவர்களுக்கு முன்னால் அல்ல, முதுகுக்குப் பின்னால் ஓடை வழியே ஏறி வந்தது. படத்தில் வரைந்த வளைவிலேயே வளைந்து, வரைந்த இடத்திலேயே ரோட்டை விழுங்கியது!

இரண்டு நாள் கழித்து லாரி நிறையப் பேண்டேஜ் துணியோடு நானும் ஜெயபாயும் போனோம். வீடுகள் இல்லை, படகுகள் இல்லை. ஆனால் பொதியைப் பிரிக்க வேலையே இல்லை, பெருமக்களே! ஓர் உயிர்கூடப் போகவில்லை!

தனுஷ்கோடி ஓடிவந்து ஜெயபாயின் கையைப் பற்றினார். "கடல் வாறதுக்கு முன்னாடியே அதோட தடத்த எப்படித் தாயி பாத்த?"

"நான் எங்க பாத்தேன், அண்ணாச்சி? கருத்தம்மாக்கா பாத்தாவ. நான் கணக்குதான் போட்டேன்."

அந்த ஜெயபாய் நாளை நம் பக்கத்துப் பிளவக்கல் மலையோடைகளை அளக்கப் போகிறார். எந்த மழைக்கு எந்தப் படிவரை வெள்ளம் வந்தது? யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும்! அவர் வாசலுக்கு வரும்போது வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு சொல் ஓர் ஊரைக் காக்கும்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன்.